மூன்றாவது புள்ளி

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. இரண்டு புள்ளிகளைக் கொடுத்து, அவற்றின் வழியே செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் காணச் சொல்வார்கள். சூத்திரம் மனப்பாடமாக இருந்தால் நான்கு வரியில் முடிந்துவிடும், மதிப்பெண்ணும் உறுதி. அதனாலேயே அந்தக் கேள்வியைப் பற்றி யாரும் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

யோசித்தால் ஒன்று தட்டுப்படும். இரண்டு புள்ளிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வதே இல்லை. எந்த இரண்டைக் கொடுத்தாலும் ஒரு கோடு கச்சிதமாகப் பொருந்திவிடும். அளந்தவர் கண்ணை மூடிக்கொண்டு அளந்திருந்தாலும் பொருந்தும். அளவு சரியா, இது கோடுதானா என்ற கேள்விகள் மூன்றாவது புள்ளி வந்த பிறகே எழ முடியும். நம் பாடப்புத்தகத்தில் மூன்றாவது புள்ளி வருகிறது, ஆனால் கோட்டில் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். இல்லை என்றால் என்ன செய்வது? மனிதர்கள் நூறு ஆண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

முதலில் இரண்டு புள்ளி சங்கதியை முடித்துவிடுவோம். 2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு ஒரு கட்டணம் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இந்த விவரம் தெரியாத ஒருவர் கையில் இரண்டு பயணக் கணக்கு மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டருக்கு 63 ரூபாய் 40 காசு. 10 கிலோமீட்டருக்கு 123 ரூபாய் 40 காசு. தூரம் 5 கூடியதற்குக் காசு 60 கூடியிருக்கிறது. ஆக, கிலோமீட்டருக்கு 12. இது சாய்வு. 5 கிலோமீட்டருக்கு 12 வீதம் 60 போக, மீதி 3 ரூபாய் 40 காசு தொங்குகிறது. இது வெட்டுத்துண்டு. கட்டணம் = 12 × தூரம் + 3.40. வேலை முடிந்தது.

அந்த 3 ரூபாய் 40 காசு என்ன? வண்டியில் ஏறாமலே தர வேண்டிய பணமா? இல்லை. 1.8 கிலோமீட்டருக்குக் கீழே இந்தக் கோடு கிடையாது. அங்கே கட்டணம் 25 ரூபாயில் படுத்துக்கிடக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு இது தெரியாது. தங்களுக்கு அப்பால் கோடு எங்கே நிற்கிறது என்று அவை சொல்வதில்லை, நாம்தான் ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் இழுத்துவிடுகிறோம்.

சென்னைக்காரர்களுக்குச் சாய்வையும் வெட்டுத்துண்டையும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 'மீட்டருக்கு மேல 20 ரூபா போட்டுக் குடுங்க' என்று ஓட்டுநர் கேட்டால் சாய்வு அப்படியே இருக்கிறது, வெட்டுத்துண்டு மட்டும் 23.40 ஆகிறது, கோடு தனக்கு இணையாக மேலே ஏறுகிறது. இரவுக் கட்டணம் ஒன்றரை மடங்கு என்றால் சாய்வு 18, வெட்டுத்துண்டு 5.10, இரண்டுமே மாறுகின்றன. பக்கத்துத் தெருவானாலும் 'எங்க போனாலும் 200' என்பவர் சாய்வைப் பூஜ்யமாக்குகிறார். கிட்டத்தில் போகிறவருக்கு இருபது ரூபாய் உறைக்கும், தூரம் போகிறவருக்கு ஒன்றரை மடங்குதான் உறைக்கும். இதை மனதுக்குள் கணக்குப் போட்டுத்தான் பேரமே நடக்கிறது.

பள்ளியில் இதே விஷயத்தை ஐந்து வடிவமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: சாய்வு–வெட்டு வடிவம், புள்ளி–சாய்வு வடிவம், இரு புள்ளி வடிவம், வெட்டுத்துண்டு வடிவம், பொது வடிவம். பிள்ளைகள் இவற்றை ஐந்து தனித்தனிச் சூத்திரமாகப் படிக்கிறார்கள். ஒரே ஆளை ஐந்து பேர் ஐந்து முறை சொல்லிக் கூப்பிடுவது போலத்தான் இது. கோடு ஒன்றைப் பிடிக்க இரண்டு தகவல் வேண்டும். அந்த இரண்டும் எந்த உருவில் கைக்கு வருகின்றன என்பதைப் பொறுத்து எழுதும் விதம் மாறுகிறது. இலங்கைப் பாடநூல்களில் சாய்வைப் 'படித்திறன்' என்பார்கள், ஆயத்தொலைவை 'ஆள்கூறு' என்பார்கள். படி ஏறும் திறன் என்று காதில் விழுவதால் எனக்கு அந்தச் சொல் மேல் ஒரு பிரியம்.

ஒரு கணக்கைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். புள்ளிகள் (2, 3), (−1, 9). முதல் எண்ணைக் கிடை என்றும் இரண்டாவதை உயரம் என்றும் வைத்துக்கொள்வோம். கிடை 2-லிருந்து −1-க்குப் போகிறது, அதாவது 3 குறைகிறது. உயரம் 3-லிருந்து 9-க்குப் போகிறது, 6 கூடுகிறது. சாய்வு −2. எனவே உயரம் = −2 × கிடை + 7. இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து: மேலே 9-லிருந்து 3-ஐக் கழித்தவர் கீழே திசையை மாற்றி 2-லிருந்து −1-ஐக் கழித்துவிடுவார். சாய்வு +2 ஆகிவிடும், விடை உயரம் = 2 × கிடை − 1. முதல் புள்ளியைப் போட்டுப் பார்த்தால் சரியாக வரும்! கிடை 2 என்றால் உயரம் 3. எப்படி வராமல் போகும், அந்தப் புள்ளியை வைத்துத்தானே சமன்பாட்டையே எழுதினார். இரண்டாவதைப் போட வேண்டும். கிடை −1 என்றால் உயரம் −3 என்று வரும், 9 வராது. குட்டு உடைந்தது. பத்து விநாடி வேலைதான், ஆனால் பிள்ளைகள் முதல் புள்ளியைச் சோதித்துவிட்டுத் திருப்தியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

புள்ளிகள் (4, 1), (4, 9) என்றிருந்தால் நிலைமை வேறு. கிடையில் மாற்றமே இல்லை; சாய்வு காணப் போனால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கிறது. சூத்திரம் கையை விரிக்கிறது. கொத்தனாருக்கு இந்தத் தொல்லை கிடையாது. வரிசைக்கு இரு முனையிலும் செங்கல் வைத்து நூல் கட்டுகிறார், சுவரின் நிமிர்வுக்குத் தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார். படுத்த கோட்டையும் நின்ற கோட்டையும் பிடிப்பது அதே நூல்தான். நின்ற கோட்டுக்கு ஒரு குறையும் இல்லை, நாம் அவசரப்பட்டு வகுத்ததுதான் குறை. வகுக்காமல் குறுக்கே பெருக்கி எழுதினால் தப்பித்துவிடலாம்:

(உயரம் − உயரம்1) × (கிடை2 − கிடை1) = (கிடை − கிடை1) × (உயரம்2 − உயரம்1)

இதில் (4, 1), (4, 9) என்று போட்டால் இடப்பக்கம் பூஜ்யம், வலப்பக்கம் 8 × (கிடை − 4). ஆக, கிடை = 4. நின்ற கோடு நிம்மதியாக நிற்கிறது. என் கட்சி இதுதான்: ஐந்தில் ஒன்றை மட்டும் கற்பிக்கலாம் என்றால் இதைக் கற்பிக்க வேண்டும். திரைக்குக் கோடு வரையும் நிரல் எழுதுகிறவர்களும் நின்ற கோட்டில் ஒருமுறை அடிபட்ட பிறகு இந்தப் பக்கம்தான் வருகிறார்கள்.

கோட்டுக்குச் சமன்பாடு என்ற எண்ணமே நானூறு ஆண்டுக்குள் வந்தது. யூக்ளிடின் முதல் எடுகோள், எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் நேர்க்கோடு வரையலாம் என்பது. அங்கே எண் எதுவும் இல்லை. பிரான்ஸில் டெகார்ட்டின் வடிவியல் நூல் 1637-ல் அச்சானது. அதே காலத்தில் ஃபெர்மா எழுதிய சிறு நூல் அவர் இறந்த பின் 1679-ல்தான் அச்சேறியது. பெயரும் புகழும் டெகார்ட்டுக்குப் போயின. ஆனால் நேர்க்கோட்டைப் பொறுத்தவரை முறையாகச் சொன்னவர் ஃபெர்மாதான்: தெரியாத இரண்டு கணியங்கள் முதற்படியில் மட்டும் வரும் சமன்பாடு ஒரு நேர்க்கோட்டைக் குறிக்கும். டெகார்ட்டுக்கு நேர்க்கோடு அற்பமாகப் பட்டிருக்க வேண்டும். அவர் கண் கடினமான வளைகோடுகள் மேல் இருந்தது. இன்று அவர் பெயரால் நாம் வரையும் செங்குத்தான இரண்டு அச்சுகளும் அந்த நூலில் அப்படிக் கிடையாது. ஃபெர்மா, தமக்கு முன்னோடியான வியெட்டைப் பின்பற்றி, தெரியாதவற்றுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்துகளையும் வைத்தார். உயிர் தேடப்படுவது, மெய் கையில் இருப்பது. தமிழ் படித்தவருக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போகும். எக்ஸ், ஒய் என்ற டெகார்ட்டின் வழக்கம்தான் நிலைத்தது. அதனால் என்ன, 'கிடை', 'உயரம்' என்று இங்கே நான் எழுதியும் கோடு வளைந்துவிடவில்லை.

சமன்பாடு வருவதற்கு முன்பே இரண்டு புள்ளியைக் கொண்டு கோட்டைப் பிடிக்கும் வித்தை இருந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சீனக் கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்க'ளில் ஏழாவது அத்தியாயம் முழுக்க மிகுதியும் குறைவும் பற்றியது. அதில் முதல் கணக்கின் சாரம்: சிலர் கூட்டாக ஒரு பொருள் வாங்குகிறார்கள். தலைக்கு 8 போட்டால் 3 மிஞ்சுகிறது. 7 போட்டால் 4 குறைகிறது. எத்தனை பேர், என்ன விலை? (8, 3), (7, −4) என்று இரண்டு புள்ளியாக வைத்துப் பாருங்கள். சாய்வு 7, வெட்டுத்துண்டு −53. ஏழு பேர், விலை 53. சாய்வுதான் ஆட்களின் எண்ணிக்கை, குறியை நீக்கினால் வெட்டுத்துண்டுதான் விலை. வரைபடமும் அச்சும் இல்லாத காலத்தில் இந்த முறை சீனாவில் இருந்தது, பின்னர் அரபுக் கணிதர்களிடம் 'இரண்டு தவறுகளின் கணக்கு' என்ற பெயரில் புழங்கியது. தவறாக இரண்டு முறை ஊகித்து, அந்தத் தவறுகளுக்கு நடுவே கோடு போட்டு உண்மையைப் பிடிப்பது.

இனி மூன்றாவது புள்ளி.

பிளஸ் ஒன்னில் தனி ஊசல் சோதனை செய்திருப்பீர்கள். ஊசலின் நீளத்தைக் கிடையாகவும், அலைவு நேரத்தின் வர்க்கத்தை உயரமாகவும் குறித்தால் நேர்க்கோடு வரும். அதன் சாய்விலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணலாம். சாய்வு கிட்டத்தட்ட 4 வரும். நான் செய்தபோது ஆறு புள்ளிகளும் ஒழுங்காகவே விழுந்தன, ஆனால் கோட்டை நீட்டினால் ஆதிப்புள்ளிக்கு ஒரு மயிரிழை மேலே போனது. நீளம் பூஜ்யம் என்றால் நேரமும் பூஜ்யம், அதனால் கோடு ஆதி வழியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லி அடித்துத் திருத்த வைத்தார்கள். நானும் ஸ்கேலைச் சாய்த்து வைத்து இழுத்தேன். முடுக்கம் 9.8-க்குக் கீழே இறங்கியது. பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. நாங்கள் நூலின் நீளத்தைக் குண்டின் கொக்கி வரை அளந்திருந்தோம். குண்டின் மையம் வரை அளந்திருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விடுபட்டால் வெட்டுத்துண்டு 0.04 வரும். சாய்வுக்கு ஒன்றும் ஆகாது. அதாவது, புள்ளிகள் எங்கள் தவறைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தன, சரியான விடையையும் பத்திரமாக வைத்திருந்தன. நாங்கள்தான் இரண்டையும் அழித்தோம்.

இன்னொன்றும் ஆய்வகத்தில் கண்டது. சாய்வு காணச் சொன்னால் பாதிப் பேர் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டை எடுப்பார்கள், கட்டங்களை எண்ணுவது சுலபம் என்று. உயரத்தை அளப்பதில் 0.1 பிழை இருக்கலாம் என்றால், ஒரு கட்டம் தள்ளியிருக்கும் புள்ளிகளில் சாய்வு 0.2 வரை தவறலாம். பத்துக் கட்டம் தள்ளியிருந்தால் 0.02. கொத்தனார் நூலை அடுத்தடுத்த செங்கல்லில் கட்டுவதில்லை, சுவரின் இரு கோடியில்தான் கட்டுகிறார்.

புள்ளிகள் ஒத்துப்போகாத கதைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். பூமி துருவங்களில் தட்டையானது என்று நியூட்டன் சொல்லியிருந்தார். பாரிஸில் காசினி குடும்பத்தார் அது நீண்டிருக்கிறது என்றார்கள். தீர்க்க வழி ஒன்றுதான்: வடக்கு–தெற்காக ஒரு பாகைக்கு எவ்வளவு நீளம் என்று வெவ்வேறு இடங்களில் அளப்பது. தட்டையாக இருந்தால் துருவத்துக்கு அருகே பாகையின் நீளம் கூடும். பிரெஞ்சு அறிஞர் மோபெர்த்துயி லாப்லாந்தின் பனியில் அளந்தார். இன்னொரு பிரெஞ்சுக் குழு தென் அமெரிக்காவின் குயிட்டோ மலைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்து அளந்தது. வானியலாளர் லகாய் நன்னம்பிக்கை முனையில் அளந்தார். பாரிஸ் அளவு முன்பே இருந்தது. டூப்ரோவ்னிக்கில் பிறந்த இயேசு சபைத் துறவி போஸ்கோவிச், தம் தோழர் மேருடன் சேர்ந்து ரோம் அருகே அளந்தார். மொத்தம் ஐந்து.

இங்கேதான் நேர்க்கோடு வருகிறது. அட்சரேகையின் சைன் மதிப்பை வர்க்கப்படுத்திக் கிடையாக வைத்து, பாகையின் நீளத்தை உயரமாக வைத்தால், ஏறக்குறைய நேர்க்கோடு. வெட்டுத்துண்டு என்பது நிலநடுக்கோட்டில் ஒரு பாகையின் நீளம். சாய்வை வெட்டுத்துண்டால் வகுத்து மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் பூமியின் தட்டைத்தன்மை. இன்றைய அளவுகளைப் போட்டுப் பார்க்கலாம்: நிலநடுக்கோட்டில் 110.57 கிலோமீட்டர், துருவத்தில் 111.69. இடையே 1.12 வித்தியாசம், 110.57-ஆல் வகுத்து மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் சுமார் 296-ல் ஒரு பங்கு. இப்போது ஏற்கப்பட்ட மதிப்பு 298.26-ல் ஒரு பங்கு. ஒரு கிரகத்தின் உருவம் பத்தாம் வகுப்புக் கணக்கில் அடங்கிவிடுகிறது.

போஸ்கோவிச்சுக்கு அடங்கவில்லை. ஐந்து புள்ளிகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்து ஜோடி. பத்துக்கும் தனித்தனியாகக் கோடு கண்டார். பத்துக் கோடு, பத்து வெவ்வேறு பூமி! ஒவ்வொரு ஜோடியும் தன்னளவில் பிசகில்லாத விடை தந்தது. சேர்த்து வைத்தால் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இதில் எந்த ஜோடியை நம்புவது? தாம் அளந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர் அளவைத் தள்ளியிருக்கலாம். அந்தக் காலத்தில் அது நடக்காத காரியமில்லை. அவர் வேறு மாதிரி யோசித்தார். எந்தப் புள்ளி வழியாகவும் போகத் தேவையில்லாத ஒரு கோட்டைத் தேடினார். கோட்டுக்கு மேலே உள்ள விலகல்களும் கீழே உள்ளவையும் கூட்டுத்தொகையில் சமமாக இருக்க வேண்டும். குறி பாராமல் எல்லா விலகல்களையும் கூட்டினால் அது முடிந்த அளவு சிறிதாக இருக்க வேண்டும். 1757-ல் வைத்த இந்த இரண்டு நிபந்தனைகளில், 'புள்ளி வழியே செல்லும் கோடு' என்ற பழைய கேள்வி 'புள்ளிகளுக்கு நடுவே செல்லும் கோடு' என்று மாறியது. இந்த மாற்றத்தைத்தான் நான் இந்த விஷயத்தின் முழு வரலாற்றிலும் பெரிய அடியாக மதிப்பேன். பின்னால் வந்த கணிதர்கள் லெஜாந்தரும் காஸும் கூட இதற்கு அடுத்தபடிதான்.

இந்தப் பூமிக் கணக்கில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்ப்டன் சங்கிலியை விரித்து அடிக்கோடு அளந்ததிலிருந்து தொடங்கிய அளவைப் பணி, தென்கோடியிலிருந்து வடக்கே பாகை பாகையாக நீளம் சேர்த்தது. அவருக்குப் பின் அந்தப் பணியை ஏற்ற எவரெஸ்டின் பெயரால் வழங்கும் 1830-ஆம் ஆண்டு கோளவுருவில் தட்டைத்தன்மை 300.8-ல் ஒரு பங்கு.

போஸ்கோவிச் சொன்னபடி விலகலைக் குறி பாராமல் கூட்டுவது கையால் கணக்கிடுபவருக்குச் சள்ளை பிடித்த வேலை. 1805-ல் வால்நட்சத்திரப் பாதைகள் பற்றிய நூலின் பின்னிணைப்பில் லெஜாந்தர் எளிய வழி சொன்னார்: விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள், அந்தத் தொகை குறைவாக வரும் கோட்டை எடுங்கள். 1809-ல் காஸ், இதை நான் 1795 முதலே பயன்படுத்தி வருகிறேன் என்று எழுதினார். லெஜாந்தருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றே புள்ளியில் முறையைப் பார்த்துவிடலாம்: (1, 2), (2, 3), (3, 7). சராசரிப் புள்ளி (2, 4). கோடு கட்டாயம் அதன் வழியே போகும். சராசரியிலிருந்து கிடை விலகல்கள் −1, 0, 1. உயர விலகல்கள் −2, −1, 3. ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டினால் 2 + 0 + 3 = 5. கிடை விலகல்களின் வர்க்கங்கள் கூடி 2. சாய்வு 2.5. கோடு: உயரம் = 2.5 × கிடை − 1. மூன்று புள்ளியில் ஒன்றுகூட இதன் மேல் இல்லை! விலகல்கள் 0.5, −1, 0.5, வர்க்கங்களின் தொகை 1.5. இதே சாய்வோடு முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் சேர்த்து இழுத்தால் நடுப்புள்ளி 1.5 தள்ளி நிற்கும், வர்க்கம் 2.25. லெஜாந்தர் கணக்கில் முதல் கோடு ஜெயிக்கிறது. ஆனால் வர்க்கப்படுத்தாமல் வெறுமே கூட்டினால் முதல் கோட்டுக்கு 2, இரண்டாவதற்கு 1.5, இரண்டாவது ஜெயிக்கிறது. 'சிறந்த கோடு' என்பது எதைக் குறைவாக வைக்க நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இன்று கணினியில் புள்ளிகளை அடையாளமிட்டுப் பொத்தானை அழுத்தினால் கோடு விழுந்துவிடுகிறது. இந்தத் தேர்வை யாரோ நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அழுத்துகிற விரலுக்குத் தெரியாது.

வெட்டுத்துண்டைச் சில்லறை என்று நினைப்பவர்களுக்கு வானியலில் ஒரு பாடம் உண்டு. 1912-ல் ஹென்ரியெட்டா லீவிட், சிறிய மெகல்லன் மேகத்தில் ஒளி மாறும் 25 விண்மீன்களை எடுத்து, மாறும் காலத்தின் மடக்கைக்கு எதிரே ஒளியளவைக் குறித்தார். நேர்க்கோடு. அந்த விண்மீன்கள் எல்லாம் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவு. ஆனால் எவ்வளவு தொலைவு என்று தெரியாது. அதனால் சாய்வு கிடைத்தது, வெட்டுத்துண்டு கிடைக்கவில்லை. வெட்டுத்துண்டு கிடைத்தால் அண்டத்தை அளக்கும் கோல் கைக்கு வரும். மற்றவர்கள் அருகிலுள்ள விண்மீன்களைக் கொண்டு அதை நிர்ணயித்தார்கள், தவறாக. 1929-ல் ஹபிள் 24 விண்மீன் மண்டலங்களின் தொலைவுக்கு எதிரே அவை விலகும் வேகத்தைக் குறித்துக் கோடு இழுத்தபோது, அந்தத் தொலைவுகளில் பழைய பிழை ஊறியிருந்தது. அவருக்குக் கிடைத்த சாய்வு மெகாபார்செக்குக்கு விநாடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். இன்று அது 70-ஐ ஒட்டி இருக்கிறது. ஒளி மாறும் அந்த விண்மீன்களில் இரண்டு இனம் கலந்திருப்பதை 1952-ல் வானியலாளர் பாடே அறிவித்ததும் ஒரே வீச்சில் தொலைவுகள் ஏறக்குறைய இரட்டித்தன. ஒரு கோட்டின் வெட்டுத்துண்டில் விழுந்த பிழை இன்னொரு கோட்டின் சாய்வில் போய் உட்கார்ந்திருந்தது. கோடு மட்டும் இரண்டு தடவையும் அழகாகத்தான் இருந்தது.

கோட்டின் அழகை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 1973-ல் அன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு பட்டியல்களை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். நான்கிற்கும் வர்க்க முறைப்படி ஒரே கோடுதான்: உயரம் = 0.5 × கிடை + 3. சராசரி ஒன்றே, ஒட்டுறவுக் கெழுவும் ஒன்றே, சுமார் 0.816. வரைந்து பார்த்தால் முதலாவது ஒழுங்கான சிதறல். இரண்டாவது வளைகோடு. மூன்றாவது கச்சிதமான வேறொரு கோடு, அதிலிருந்து ஒரே ஒரு புள்ளி மட்டும் எகிறி நிற்கிறது.

நான்காவதை அதிக நேரம் பார்க்க வேண்டும். பதினொன்றில் பத்துப் புள்ளிகளின் கிடை 8. அவை ஒன்றன் மேல் ஒன்றாகத் தூக்குக்குண்டு நூல் போல நிற்கின்றன. ஒன்று மட்டும் தொலைவில் (19, 12.5)-இல் இருக்கிறது. கோடு அந்தப் பத்தின் சராசரியான (8, 7) வழியாகவும், அந்த ஒன்றின் வழியாகவும் இம்மி பிசகாமல் போகிறது. சாய்வு: 5.5-ஐ 11-ஆல் வகுத்தால் 0.5. பதினொரு புள்ளி கொடுத்தும் நடந்தது பழைய இரு புள்ளிக் கணக்குதான். அந்த ஒற்றைப் புள்ளியை விரலால் மறைத்தால் மிஞ்சுவது கிடை = 8 என்ற நின்ற கோடு மட்டும்; அதற்குச் சாய்வே இல்லை.